ரூஜ் ஆற்றில் ஒரு கோடை மாலை: நண்பருடன் கனூவில் போய்வர முழுமையான வழிகாட்டி

ஸ்காபரோவில் பல வருடமாகக் குடியிருப்பவர்களிலேயே, லோரன்ஸ் வீதி கிழக்கே போய் முடியும் இடத்தில் ஒரு ஆறு இருக்கிறது என்று தெரியாதவர்கள் நிறையப் பேர். ரூஜ் ஹில் கோ ரயில் நிலையம் பக்கத்தில்தான். அங்கே ரொறன்ரோவுக்கும் பிக்கரிங்குக்கும் எல்லையாக ஓடிவரும் ரூஜ் ஆறு, ஒன்ராறியோ ஏரியில் விழுவதற்கு முன் அகன்று ஒரு பெரிய சதுப்பு நிலமாகப் பரவிக் கிடக்கிறது. ரொறன்ரோவில் மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களில் இதுதான் பெரியது. நீர்மட்டம் ஏரியோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் சாதாரண நாட்களில் நீரோட்டம் இருப்பதே தெரியாது. புதிதாகக் கனூ (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு) பிடிக்கிற இரண்டு பேருக்கு நகரத்துக்குள் இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

இந்த வழிகாட்டி வேலை முடிந்து வந்து, இருட்டுவதற்குள் போய்த் திரும்பும் ஒரு சின்னப் பயணத்துக்கானது. முகாம் போடுகிற, பல நாள் ஓடுகிற பயணங்கள் வேறு கதை. மாலைப் பயணத்தில் எவ்வளவு தூரம் போனோம் என்பது முக்கியமே இல்லை. வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஆகவே எல்லா முடிவையும் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி எடுங்கள். கீழே வரும் எல்லாமே அந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பதுதான்.

1. நாளும் நேரமும்

ஜூன் கடைசியில் ரொறன்ரோவில் சூரியன் மறைய 9 மணி தாண்டும். ஓகஸ்ட் நடுப்பகுதியில் 8.20 அளவு. ஓகஸ்ட் முடியும்போது 8 மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும். அதன் பிறகு ஏறக்குறைய அரை மணி நேரம் மங்கிய வெளிச்சம் இருக்கும். அந்த அரை மணியைப் பயணத்தில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். அது கைகாவலுக்கு இருக்கட்டும்.

ஜூலை நடுவில் ஒரு வார நாள் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் மறைவது 9 மணிக்குச் சில நிமிடங்கள் முன். 6.45-க்குப் படகை நீரில் இறக்கினால், 7.50 அளவில் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். 8.50-க்குக் கரை. வேலையிலிருந்து வந்து, காரில் படகைக் கட்டி, தரிப்பிடம் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரமாவது போய்விடும் என்பதால் வீட்டிலிருந்து 5.30-க்குக் கிளம்பினால்தான் இது சாத்தியம். ஓகஸ்ட் கடைசியில் இதே பயணம் வேலை நாளில் அநேகமாக முடியாது. ஜூன், ஜூலைதான் மாலைக் கனூவின் மாதங்கள்.

வெயில் கொளுத்தும் சனி, ஞாயிறுகளில், லோரன்ஸ் வீதி முடிவிலுள்ள ரூஜ் கடற்கரைத் தரிப்பிடம் நிரம்பிவிடும். செவ்வாய், புதன் போன்ற நாட்கள் நல்லவை. தரிப்பிடத்தில் மூடும் நேரம் எழுதியிருந்தால் வாசித்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது காற்று. மழை வருமா என்று பார்க்கிறவர்கள் காற்றைப் பார்ப்பதில்லை. கனூவுக்கு மழையைவிடக் காற்றுதான் பெரிய பிரச்சினை. கோடைப் பகலில் தரை சூடாகி, ஏரியிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும். பொழுது சாயத் தரை ஆறும்போது அந்தக் காற்றும் விழுந்துவிடும். மாலையில் சதுப்பு நீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதற்கு இதுதான் காரணம். தெற்குக் காற்று என்றால் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். ஆனால் நீங்கள் திரும்பும் நேரத்தில் அது ஓய்ந்திருக்கும் என்பதால் பெரிதாகக் கஷ்டப்பட மாட்டீர்கள்.

வடக்கு அல்லது வடமேற்குக் காற்று வேறு மாதிரி. அது உங்களை ஏரிப் பக்கம் தள்ளும். ஆற்றுக்குள் அது தெரியாது, ஏனென்றால் மரங்கள் மறைக்கும். முகத்துவாரத்தைத் தாண்டினால் கரையோரம் அமைதியாக இருக்கும், நூறு மீற்றர் வெளியே போனதும் திரும்பி வலிக்க முடியாது. இந்தக் காற்று பலமாக வீசினால் ஏரியின் மேல்நீரை வெளியே தள்ளி, அடியில் இருக்கும் குளிர்நீரை மேலே கொண்டுவரும். நேற்றுக் குளித்த நீர் இன்றைக்கு எலும்பைக் கடிக்கும். எனவே புதியவர்களுக்கு ஒரே விதி: முகத்துவாரத்தில் இருக்கும் ரயில் பாலத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் போகவே வேண்டாம், காற்று எந்தத் திசையில் இருந்தாலும்.

மூன்றாவது, முந்தின நாட்களின் மழை. ரூஜ் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் மார்க்கம், ரிச்மண்ட் ஹில் பக்கத்து வீதிகளும் கூரைகளும் உண்டு. இடிமழை பெய்தால் அந்தத் தண்ணீர் மண்ணில் ஊறாமல் நேரே வடிகாலுக்குப் போய், சில மணி நேரத்தில் ஆற்றில் வந்து சேரும். நீர் கலங்கிப் பழுப்பாகி, மரக்கட்டைகள் மிதந்து வரும். ரொறன்ரோ பிராந்திய நீர்வளப் பாதுகாப்பு ஆணையம் இப்படியான நேரங்களில் நீர்ப் பாதுகாப்பு அறிவிப்பு வெளியிடும். அது நடப்பில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அறிவிப்பு இல்லாவிட்டாலும் பெருமழைக்குப் பின் இரண்டு நாள் பொறுப்பது நல்லது. கழிவு கலந்த நீர் துடுப்பிலிருந்து கை, கையிலிருந்து வடை என்று வாய்க்குள் போய்விடும்.

இடி? ஒரு முறை கேட்டாலும் கரை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை நீரில் இறங்குவதில்லை. மாலைப் பயணத்தில் அந்த 30 நிமிடம் போனால் வெளிச்சமும் போய்விடும், ஆகவே வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்கலாம்.

2. படகு

இரண்டு பேருக்கான சாதாரணக் கனூ ஏறக்குறைய 16 அடி, அதாவது 5 மீற்றர் நீளம். கெட்டியான பிளாஸ்ரிக் படகு 30 கிலோவுக்கு மேல் வரும். கெவ்லர் என்ற இலேசான செயற்கை இழையில் செய்த படகு 20 கிலோ அளவில் இருக்கும், விலையும் அதற்கேற்ப. முதல் முறை போகிறவர்கள் வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுங்கள் அல்லது தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள். வாடகைக்கு எடுத்தால் முதல் கேள்வி விலையாக இருக்கக்கூடாது, "எத்தனை மணிக்குள் திருப்பித் தர வேண்டும்?" என்பதாக இருக்க வேண்டும். பல இடங்களில் மாலை 6, 7 மணிக்கே கணக்கை மூடிவிடுவார்கள். அப்படியானால் அன்றிரவு படகை வீட்டில் வைத்திருக்கும் வகையில் எடுக்க வேண்டும்.

காரில் கட்டுவது பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் படகு பறப்பது ஆற்றில் கவிழ்வதைவிட ஆபத்து. கூரையில் இரண்டு குறுக்குக் கம்பிகள் இருந்தால் படகைக் குப்புறக் கவிழ்த்து நடுவில் வையுங்கள். இரண்டு பட்டிகள், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்று. கையால் இழுத்து இறுக்கும் கொக்கி உள்ள பட்டிதான் வேண்டும். பல்சக்கரம் வைத்து இறுக்கும் வகை, பாரவண்டிச் சாமானுக்கு. அதில் ஒரு கிளிக் கூடிப்போனால் படகின் உடம்பு வெடிக்கும். பட்டியை ஒரு தடவை முறுக்கி விட்டுக் கட்டினால் காற்றில் விம்மென்று இரைச்சல் போடாது. பிறகு முன்முனையிலிருந்து காரின் முன்புறக் கொக்கிக்கும், பின்முனையிலிருந்து பின்புறத்துக்கும் தனித்தனிக் கயிறு.

கம்பி இல்லாத காரென்றால், விளிம்பில் மாட்டும் ரப்பர் நுரைக்கட்டைகள் விற்கிறார்கள். அப்போது பட்டி காருக்குள்ளாகப் போக வேண்டும். நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு பட்டியை உள்ளே விடுங்கள். ஜன்னல் வழியாக விட்டு இறுக்கினால் கதவு திறக்காது, பிறகு இரண்டு பேரும் ஜன்னலால் ஏறி இறங்க வேண்டியதுதான். கிளம்பிச் சில நிமிடத்தில் ஒரு பக்கத்து வீதியில் நிறுத்திப் பட்டிகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். அநேகமாக ஒன்று தளர்ந்திருக்கும்.

3. எடுத்துப்போக வேண்டியவை

கனடாவின் சட்டப்படி 6 மீற்றருக்கு உட்பட்ட, கையால் ஓட்டும் படகில் இவை இருக்க வேண்டும்: ஆளுக்கொரு லைஃப் ஜக்கெற், குறைந்தது 15 மீற்றர் நீளமான மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்க ஒரு பாத்திரம் அல்லது கைப்பம்பு, ஊதல் போன்ற ஒலியெழுப்பும் ஒன்று. சூரியன் மறைந்த பின் நீரில் இருந்தால், காட்டுவதற்குத் தயாராக ஒரு வெள்ளை வெளிச்சமும் வேண்டும். நல்ல ரோச் லைற் போதும். இயந்திரம் இல்லாத படகுக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை.

லைஃப் ஜக்கெற் படகில் இருந்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். நம்மவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் கிணற்றில் பழகிய நீச்சல்தான். போட்டுப் பார்க்க ஒரு சோதனை உண்டு. எல்லாக் கொக்கியும் பூட்டியபின் நண்பரைக் கூப்பிட்டு இரண்டு தோள்பட்டியையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜக்கெற் எழும்பி நாடியை மூடினால் அது பெரிது. விழுந்ததும் அது மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள்.

சட்டம் கேட்காத ஆனால் நான் விடாத சாமான்கள்: கூடுதலாக ஒரு துடுப்பு. நீர்புகாப் பைக்குள் கைப்பேசி. ஒரு மாற்றுடுப்பு, அது காரில் இருந்தாலும் சரி. தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று. நீர் இறைக்கும் பாத்திரத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். வெளுக்கும் திரவம் வரும் கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கலனைக் கழுவி, அடியைச் சரிவாக வெட்டினால் அதைவிட நல்ல கோரி கிடையாது. அதைக் கயிற்றால் படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் அது மிதந்து போய்க்கொண்டிருக்கும்.

நுளம்பு மருந்து கட்டாயம். சூரியன் இறங்கும் நேரமும் நுளம்பு எழும்பும் நேரமும் ஒன்றுதான். டீற் கலந்த மருந்து என்றால் பூசியபின் உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள். அது பிளாஸ்ரிக்கையும் துடுப்பின் வார்னிஷையும் கரைக்கும். கைப்பேசிக் கண்ணாடிமீது வைத்த விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்ட கதை உண்டு. வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் மருந்தைவிட நல்லவை.

சாப்பாட்டுக்குப் பருத்தித்துறை வடை. காய்ந்தது, கை ஒட்டாது, நசுங்காது. ரோல்ஸும் பற்றிஸும் பரவாயில்லை. கொத்துரொட்டிப் பெட்டியைக் கனூவில் பிரித்து வைத்துச் சாப்பிட முயன்றவர்களைக் கண்டிருக்கிறேன், அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன். தேநீர் பிளாஸ்க் சரி. பியர் வேண்டாம். கனூதானே, காரா என்று நினைக்காதீர்கள். குடித்துவிட்டுக் கனூ ஓட்டி ஒரு சிறுவனின் உயிர் போகக் காரணமானவரை 2019-இல் ஒன்ராறியோ நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "ஒன்பதரைக்குள் போன் வராவிட்டால் எடுத்துப் பார், பதில் இல்லாவிட்டால் 911" என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். "ஆற்றுப் பக்கம் போறன்" என்பது தகவல் இல்லை.

4. யார் முன்னால், யார் பின்னால்

கனூவில் பின்னால் இருப்பவர்தான் திசை திருப்புவார். முன்னால் இருப்பவர் வேகத்தையும் தாளத்தையும் தருவார், நீருக்கடியில் கிடக்கும் கட்டை, கல்லை முதலில் காண்பவரும் அவர்தான். சற்று அனுபவம் உள்ளவர் பின்னால். இருவரும் புதியவர்கள் என்றால் பாரம் கூடியவர் பின்னால். முன்முனை பாரமாகி அமிழ்ந்தால் படகு சொன்ன சொல் கேட்காது, பின்பக்கம் வழுக்கி வழுக்கித் திரும்பும். எடை வித்தியாசம் எதிர்மாறாக இருந்தால் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் பின்னுக்கு நகர்த்திச் சரிக்கட்டலாம்.

நண்பர்கள் சண்டை பிடிப்பது எப்போதும் இந்த விடயத்தில்தான். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, பின்னால் இருப்பவர் கத்துவது முன்னால் சரியாகக் கேட்காது. கரையில் நிற்கும்போதே நான்கைந்து சொற்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "நிப்பாட்டு", "பின்னுக்கு", "மாத்து", "இடது", "வலது". இடம் வலம் சொல்வது எப்போதும் படகு போகும் பக்கத்தை வைத்து. "மச்சான், அங்கால, அங்கால!" என்பதால் எந்தப் படகும் திரும்பியதில்லை. இருபது நிமிடம் கழித்து இடம் மாற்றிக்கொள்ள ஆசை வந்தால் கரையில் இறங்கி மாறுங்கள், நடு ஆற்றில் வேண்டாம்.

5. ஏறுவது

கவிழ்கிற கனூக்களில் பல, ஏறும்போதும் இறங்கும்போதும் கரையோரத்திலேயே கவிழ்கின்றன. படகை இழுக்காமல் இருவரும் தூக்கி, முழுவதும் மிதக்கும்படி நீரில் இறக்குங்கள். ஒரு முனை மணலில், மறுமுனை நீரில் என்றிருந்தால் அது பாலம்போல் நின்று, கால் வைத்ததும் உருளும்.

பின்னால் இருக்கப்போகிறவர் முழங்காலளவு நீரில் நின்று பின்முனையைத் தொடைகளுக்கிடையில் பிடிக்கட்டும். முன்னால் இருப்பவர் இரு விளிம்பையும் இரு கையால் பற்றி, முதுகை வளைத்து, படகின் நடுக்கோட்டில் மட்டும் காலை வைத்து முன்னுக்கு நடந்து போய் அமர வேண்டும். அவர் அமர்ந்து துடுப்பை நீரில் ஊன்றியபின் பின்னவர் ஒரு காலை நடுவில் வைத்து, மற்றக் காலால் மெல்லத் தள்ளி ஏறுவார். நிமிர்ந்து நிற்கிற கணமே இருக்கக்கூடாது. நீருக்குப் போகப் பழைய சப்பாத்து அல்லது பின்பட்டி உள்ள செருப்புப் போடுங்கள். ரூஜ் கரையில் சேறு, உடைந்த சிப்பி, சில சமயம் தூண்டில் கொக்கி எல்லாம் கிடக்கும்.

6. துடுப்பு வலிப்பது

இருவரும் எதிரெதிர்ப் பக்கம். மேல்கை துடுப்பின் தலையில், கீழ்கை தண்டில் தோளகலம் தள்ளி. உடம்பை முன்னுக்குச் சற்று வளைத்து, அலகு முழுவதும் நீருக்குள் போகும்படி ஊன்றி, இடுப்புக்கு நேர் வரும் வரை இழுத்து, அங்கேயே வெளியே எடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் நீரை மேலே தூக்குவீர்கள், படகு முன்னுக்குப் போகாது. கையால் இழுக்காமல் நெஞ்சைத் திருப்பி இழுத்தால் அடுத்த நாள் தோள் வலிக்காது. முன்னவரின் தாளத்தைப் பின்னவர் பின்பற்ற வேண்டும், எதிர்மாறாக அல்ல.

இப்படி இருவரும் ஒரே அளவு வலித்தாலும் படகு மெல்ல ஒரு பக்கம் திரும்பும். பின்னவர் படகின் நடுவிலிருந்து கூடத் தள்ளி இருப்பதால் அவருடைய இழுவைக்குத்தான் பலம் அதிகம். அவர் வலப்பக்கம் வலித்தால் படகு இடப்பக்கம் போகும். இதைத் திருத்த ஒவ்வொரு இழுவையின் முடிவிலும் அவர் ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும்: அலகு இடுப்பைத் தாண்டும்போது மேல்கையின் பெருவிரல் கீழ்நோக்கி வரும்படி மணிக்கட்டைத் திருப்பி, அலகின் தட்டைப் பக்கத்தால் நீரைப் படகிலிருந்து வெளிப்புறமாக மெல்லத் தள்ளுவது. துடுப்பு நீருக்குள் போகும் வழி ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருக்கும். பெருவிரல் மேல்நோக்கித் திரும்பினாலும் படகு திருந்தும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேகம் செத்துப்போகும். முதல் கால் மணி நேரம் பாம்பு மாதிரி நெளிந்துதான் போவீர்கள். பரவாயில்லை. யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் அவர்களும் அப்படித்தான் தொடங்கியிருப்பார்கள்.

விரைவாகத் திரும்ப முன்னவர் துடுப்பைப் பக்கவாட்டில் தூர நீட்டி ஊன்றிப் படகை அதன் பக்கம் இழுக்கலாம், பின்னவர் அரைவட்டமாக அகலத் துழாவலாம். காற்றோ அலையோ வந்தால் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலில் நில்லுங்கள். பாரம் கீழே போனதும் படகு அடங்கும். முழங்காலுக்கு ஒரு பழைய யோகாப் பாயை மடித்துப் போடலாம்.

7. ஆற்றுக்குள்

கரையிலிருந்து மேல்நோக்கி, ஏரிக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முதலில் அகன்ற திறந்த நீர். இரு பக்கமும் ஆளுயரத்துக்குச் சம்புப் புல், அதன் ஓரமாக அல்லி இலைகள். பின்னால் ரயில் பாலத்தில் கோ ரயில் கடக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கூடவே வரும். பிறகு ஆறு ஒடுங்கி, இரு கரையிலும் மரங்கள் நெருங்கும். கிங்ஸ்டன் வீதிப் பாலத்தை அணுகும்போது ஆழம் குறைந்து துடுப்பு சரளைக் கல்லில் தட்டும். ஏரி மட்டம் ஜூன் அளவில் உச்சத்தில் இருந்து கோடை போகப் போகக் குறைவதால், செப்டெம்பரில் இந்தத் தட்டல் இன்னும் முன்னதாகவே தொடங்கும். தட்டினால் திரும்புங்கள். அதற்கு முன்பே திரும்பும் நேரம் வந்துவிட்டாலும் திரும்புங்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அடுத்த வாரம் வந்து பார்க்கலாம்.

மிருகங்களைக் காண ஒரே வழி, வலிப்பதை நிறுத்துவது. சம்பின் நிழல் விழும் ஓரத்தில் படகை விட்டுவிட்டுத் துடுப்பை மடியில் குறுக்கே வையுங்கள். துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் துளிகள் ஒவ்வொன்றாய் வட்டம் போட்டு அடங்கும். அந்தச் சொட்டும் நின்றபின்தான் சதுப்பு பேசத் தொடங்கும். தோளில் சிவப்புப் பட்டை வைத்த கரும்பறவை சம்புத் தண்டைப் பிடித்துக்கொண்டு கத்தும். விழுந்த மரத்தில் வண்ண ஆமைகள் கடைசி வெயிலுக்கு வரிசையாகக் கிடக்கும், படகைக் கண்டதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொப் தொப்பென்று விழும். பெரிய நீல நாரை ஒரு மீனுக்காகக் கால் மணி நேரம் அசையாமல் நிற்கும். அது கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். இருட்டும் முன் பீவர் வெளியே வரும். வாலால் நீரை ஓங்கி அறைந்தால் பயப்பட வேண்டாம், உங்களைப் பற்றித் தன் குடும்பத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. அன்னங்கள் சிறகை முதுகுக்கு மேல் உயர்த்தி நீந்தி வந்தால் மட்டும் ஒதுங்கிப் போங்கள், அவற்றோடு வாதாட முடியாது.

மஞ்சள் நாடியுள்ள ஆமையைக் கண்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிளாண்டிங் ஆமை இந்த இடத்தில் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 2014 முதல் ரொறன்ரோ விலங்குக் காட்சிச்சாலையும் தேசியப் பூங்காக்களைப் பராமரிக்கும் பார்க்ஸ் கனடாவும் குட்டிகளை வளர்த்து ரூஜில் விட்டு வருகின்றன. எதற்கும் சாப்பாடு போடாதீர்கள், இது தேசிய நகர்ப்புறப் பூங்கா. 2015-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது.

மேலே போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 17-ஆம் நூற்றாண்டில் இந்த முகத்துவாரத்துக்கு அருகே செனெகா என்ற முதற்குடி மக்களின் கனற்செக்வியாகொன் என்ற ஊர் இருந்தது. இங்கிருந்து வடக்கே சிம்கோ ஏரி வரைக்கும் படகைச் சுமந்து நடக்கும் பாதை ஒன்று போனது. மரப்பட்டைப் படகை அந்த வழி முழுவதும் தோளில் தூக்கிப் போனவர்களை நினைத்தால், தரிப்பிடத்திலிருந்து கரை வரைக்கும் தூக்குவதற்கு நாம் முனகுவது கொஞ்சம் வெட்கம்தான். இந்த மண்ணின் முதற்குடி மக்கள் கண்ட வடிவத்தைத்தான் இன்றைய பிளாஸ்ரிக் கனூவும் சுமந்து நிற்கிறது.

8. கவிழ்ந்துவிட்டால்

முதலில் படகைப் பிடியுங்கள், பிறகு நண்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்குங்கள். கவிழ்ந்த கனூவும் மிதக்கும், நீருக்குள் உங்கள் தலையைவிட அது நன்றாகத் தெரியும். துடுப்பு கைக்கெட்டினால் எடுங்கள், எட்டாவிட்டால் விடுங்கள். இந்தச் சதுப்பில் ஆழம் பல இடங்களில் குறைவுதான், ஆனால் அடியில் மென்சேறு. எழும்பி நிற்க முயன்றால் கால் முழங்கால் வரை புதையும், இழுக்க இழுக்க இன்னும் இறங்கும். ஆகவே நிற்காதீர்கள். படகைப் பிடித்தபடி காலால் உதைத்து, உறுதியான கரை தெரியும் பக்கம் தள்ளிப் போங்கள்.

கரையில் இருவரும் இரு முனையைப் பிடித்து, படகை முதலில் பக்கவாட்டில் சரித்து நீரை வடிய விட்டு, பிறகு கவிழ்த்துத் தூக்குங்கள். நீர் நிரம்பிய கனூவை நேராகத் தூக்க நினைத்தால் முதுகு போய்விடும். நனைந்தபின் பயணத்தைத் தொடர வேண்டாம். ஜூலையிலும் சூரியன் போனபின் ஈர உடுப்பில் நடுங்க அரை மணி போதும். 911-க்கு அழைக்க நேர்ந்தால் "ரூஜ் ஆறு, ரயில் பாலத்துக்கு வடக்கே, கிழக்குக் கரை" என்பதுபோல ஒரு அடையாளத்தை வைத்துச் சொல்லுங்கள். ரொறன்ரோவும் பிக்கரிங்கும் எதிரெதிர்க் கரையில் இருப்பதால் எந்தக் கரை என்று சொல்வது நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

9. திரும்பி வருவது

திரும்பும்போது மேற்குச் சூரியன் தாழ்ந்து, வளைவுகளில் நீரிலிருந்து கண்ணைக் கூசும். முன்னவருக்குத் தொப்பி வேண்டும். நீருக்கடியில் கிடக்கும் கட்டை இந்த வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, மெதுவாக வாருங்கள்.

பிந்திவிட்டால் தலைவிளக்கை உடனே போடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக நேரம் கொடுங்கள். கரை தேடும்போதும் இன்னொரு படகு வரும்போதும் மட்டும் போடுங்கள். பின்னவர் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னே பார்த்தால் முன்னவரின் முதுகுதான் பளிச்சென்று தெரியும், ஆறு தெரியாது. முன்னவர் திரும்பிப் பார்த்துக் கதைத்தால் பின்னவரின் கண் குருடாகும். விளக்கு முன்னவரின் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

10. கரையேறிய பின்

ஏறிய மாதிரியே இறங்குங்கள், வரிசை மட்டும் தலைகீழ். பின்னவர் முதலில் இறங்கிப் பிடிக்க, முன்னவர் நடுக்கோட்டில் பின்னோக்கி நடந்து வரட்டும். வீட்டுக்கு ஒரு போன்.

படகைக் கட்டுமுன் அதைக் கவிழ்த்து நீரை முழுக்க வடித்து, ஒட்டியிருக்கும் செடி, சேறு எல்லாவற்றையும் அங்கேயே வழித்துப் போடுங்கள். ஓரிடத்துச் செடியும் சிப்பியும் இன்னொரு ஏரிக்குப் போய்ப் பரவக்கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டமாகவே இருக்கிறது, கனூவுக்கும் சேர்த்து. இருட்டில் பட்டி கட்டும்போது ஒருவர் வெளிச்சம் பிடிக்க மற்றவர் கட்டட்டும். இருவரும் கட்டினால் இருவரும் மற்றவர் இறுக்கியிருப்பார் என்று நினைப்பார்கள்.

வீட்டில் குளிக்கும்போது உண்ணி பார்க்க வேண்டும். ரூஜ் பக்கம் லைம் நோயைப் பரப்பும் கறுப்புக்கால் உண்ணி இருக்கிறது. புல்லுக்குள் இறங்கி நடந்திருந்தால் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டி, மயிர்க்கால் ஓரம் என்று தேடுங்கள். எள்ளளவுதான் இருக்கும். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணியை ஒரு சின்னப் போத்தலில் போட்டுத் திகதி எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த நாளே மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள்.